பொட்டு வைத்த பெட்டி

நூம்பல் துலுக்கானத்துக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பிள்ளை டில்லிபாபு. நடு இரண்டு பெண்களில் ஒருத்தி திருமழிசையில் வாழ்க்கைப்பட்டாள், இன்னொருத்தி செவ்வாப்பேட்டையில். மூத்தவள் ராணியை மட்டும் சொந்தத்தில் கொடுத்தார்கள். துலுக்கானத்தின் அக்கா மகன் பரந்தாமன், மேனாம்பேட்டுக்காரர். ஆக டில்லிபாபுவுக்கு அவர் அத்தை பிள்ளை, அதற்கு மேல் அக்கா புருஷன். இரண்டு பக்கமும் கட்டிப்போட்ட உறவு. மாமா என்று கூப்பிட்டான், அப்பாவுக்குப் பயந்ததைவிட அவருக்கு அதிகம் பயந்தான்.

பரந்தாமனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட். வண்டிக் கம்பெனிகளுக்குத் தகட்டில் கிளாம்ப் அடித்துக் கொடுக்கிற வேலை, பதினாலு ஆள். டில்லிபாபு ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சும்மா திரிந்த வருடம், அவனை அங்கே எடுபிடியாகக் கூட்டிக்கொண்டு போனார். ஷெட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வாரம்தான் அது. மூன்றாம் நாளே பையன் அதை அக்கு அக்காகக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டான். மாமா அடிப்பார் என்று கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றான். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "பிரிச்சவன் சேத்துடு" என்று சொல்லிவிட்டுப் பிரஸ் மிஷின் பக்கம் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் சேர்த்துவிட்டான். அவன் தொழில் அப்படித்தான் தொடங்கியது.

இப்போது வயது நாற்பத்து மூன்று. எஸ்டேட்டிலும் பாடியிலும் திருமுல்லைவாயிலிலுமாக இருபதுக்கு மேல் சின்னக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை அவன்தான் பார்க்கிறான். கடை கிடையாது, போர்டு கிடையாது. ஒரு ஸ்கூட்டர், ஒரு பை, அதற்குள் ஸ்குரூ டிரைவர், வயர், பத்துப் பன்னிரண்டு பென் டிரைவ். நூம்பலிலிருந்து காலையில் அயனம்பாக்கம் வழியாக வந்தால் எந்த ஷெட்டில் டீ குடிப்பான், எந்த ஷெட்டில் சாப்பிடுவான் என்பது அவனுக்கே தெரியாது. "டில்லி கை வெச்சா பூடும்னு இருந்ததும் எயிந்துக்கும்" என்று சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கும் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டிருந்தது.

பரந்தாமனின் ஷெட்டில் கண்ணாடி அறைக்குள், மேசைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. திரை கிடையாது, தட்டச்சுப் பலகை கிடையாது. வெளியிலிருந்து வருகிற இன்டர்நெட் வயர் முதலில் அதற்குள் போய்த்தான் மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் கேமராக்களுக்கும் வரும். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று பார்ப்பது அதன் வேலை. அதில் ஓடுகிற மென்பொருளுக்கு ஃபயர்வால் என்று பெயர். ஷெட்டில் எல்லோரும் அதை வாட்ச்மேன் பெட்டி என்றார்கள். டில்லிபாபு வைத்ததுதான்.

போன வருடம் ஆயுத பூஜை அன்று காலை பத்து மணிக்குப் பரந்தாமனிடமிருந்து போன்.

"டேய் நைனா, எவனோ ஓஸ் பைப்ப ரூமுக்குள்ள உட்டு தரைய கய்விகீறான். வாட்ச்மேன் பெட்டி புஸ்ஸுன்னு ஆய்டிச்சு. கேமரா ஒண்ணியும் தெர்ல. ரெண்டு நாள் ஷெட்டு பூட்டி கெடக்கும்டா, கேமரா இல்லாம எப்டி? வா சீக்கிரம்."

போனான். மிஷின்களெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று நின்றன. வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி அறை வாசலில் தேவிப்பிரியா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருகிற பெண். பி.காம். முடித்து நாலு வருடமாக அங்கே பில் போடுவதும் கணக்கு எழுதுவதும் அவள்தான்.

"அண்ணா, கோலத்த மிதிக்காம தாண்டி வாங்க. பெட்டி செத்தாலும் கோலம் சாவக் கூடாது."

"வாய் மட்டும் குறைச்சலே இல்ல உனக்கு."

பெட்டியைத் திறந்து பார்த்தான். மற்றதெல்லாம் துடைத்துக் காய வைத்ததும் பிழைத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் போய்விட்டது. பையில் வேறு ஒன்று இருந்தது, மாட்டினான். புது வெர்ஷன் ஃபயர்வால் எழுதிய பென் டிரைவும் கையில் இருந்தது. இருபது நிமிஷத்தில் ஏற்றியும் விட்டான். சிக்கல் அதற்குப் பிறகுதான். எந்தக் கேமரா, எந்த வழி, ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனியோடு பேசுகிற தனி லைன், இதெல்லாம் செட்டிங். அதை மொத்தமாக ஒரு கோப்பில் எடுத்து வைத்திருந்தான். எடுத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. நடுவில் வெர்ஷனை மாற்றினானே தவிர, புதிதாகக் கோப்பு எடுத்து வைக்கவில்லை. பழைய கோப்பைப் புது வெர்ஷன் ஏற்க மாட்டேன் என்றது. பெரிய கம்பெனியிடம் கேட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்கலாம் என்றால் அன்றைக்கு அங்கேயும் லீவு.

ஒரே வழி இருந்தது. கோப்பு எந்த வெர்ஷனில் எடுத்ததோ அந்தப் பழைய வெர்ஷனையே பெட்டியில் ஏற்றுவது. கோப்பை அதற்குள் விடுவது. பிறகு இரண்டு படியாக மேலே கொண்டுபோய்ப் புது வெர்ஷனில் நிறுத்துவது. பழைய வெர்ஷனை அதைச் செய்தவர்களே எடுத்துவிட்டார்கள், எங்கும் கிடைக்கவில்லை. ஆவடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற முகமது ஆசிக்குக்குப் போன் போட்டான். ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்ச்.

"மாமே, அந்தக் கெயத்த எதுக்குடா எயுப்புற? செத்து ரெண்டு வருசம் ஆவுது."

"இருக்கா இல்லியா சொல்லுடா."

"இருக்கு, என் பய்ய டிஸ்க்குல கீது. லிங்க் அனுப்பறேன். ஆனா கேட்டுக்கோ. அதுல இருக்கற ஓட்டை ஊருக்கே தெரியும். ஏத்தின கையோட மேல கொண்டு பூடு. அப்டியே உட்டுட்டு ஊட்டுக்குப் போய்டாத."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும், அதான் சொல்றேன்."

போன் இன்டர்நெட்டில் அது இறங்கி முடிய ஒன்றரை மணி ஆயிற்று. வெறுமனே கோப்பை நகல் எடுத்துப் போட்டால் பென் டிரைவ் வேலைக்கு ஆகாது. பெட்டி கண் விழித்ததும் முதலில் அதைப் பார்த்து, அதிலிருந்தே எழுந்து உட்கார வேண்டும். அப்படி எழுதித் தருகிற மென்பொருள் லேப்டாப்பில் இருந்தது. எழுதினான். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. பெட்டியில் செருகினால் கருப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது. தேவிப்பிரியா பொரி கடலையை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னண்ணா, கண்ணடிக்குது?"

"உன்னைப் பாத்துதான்."

"அய்ய, மூஞ்சி."

இரண்டு தடவை பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பெட்டி பழைய முறையில் எழுதினால்தான் விழிக்கும். இவன் அவசரத்தில் புது முறையில் எழுதிவிட்டான். அழித்துவிட்டு, பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, மறுபடி எழுதினான். இந்தத் தடவை எழுந்துகொண்டது. ஏற்றினான், கோப்பை விட்டான். மூன்றே முக்காலுக்குக் கேமராக்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. இனி மிச்சம் அந்த இரண்டு படி. படிக்கு அரை மணி.

அப்போதுதான் ராணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பூஜை நேரம் நாலு. மிஷின் மிஷினாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் வந்துவிட்டாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொட்டு வைத்துப் பூஜை போட்ட சாமானை மறுநாள் காலையில் மறுபடி சூடம் காட்டி எடுக்கிற வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். ஸ்பேனரைக்கூட நகர்த்தமாட்டார்கள். கேமராவுக்காக வாட்ச்மேன் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அதையும் தொடக்கூடாது.

"தள்ளுடா" என்றாள் ராணி.

"அக்கா, இருக்கா, இன்னும் கொஞ்சம்..."

பின்னாலேயே பரந்தாமன். பட்டு வேட்டி, தோளில் துண்டு. "கேமரா வந்துச்சா?"

"வந்துச்சு மாமா."

"ஆர்டர் லைனு?"

"வந்துச்சு."

"அப்பறம் இன்னாடா? பூசணிக்காய வெச்சிகினு வெளில நிக்கறானுங்க. முடிஞ்சிதா இல்லியா?"

காலை பத்து மணியிலிருந்து குனிந்தே உட்கார்ந்திருந்த முதுகு. வயிற்றில் பொரியைத் தவிர ஒன்றுமில்லை. அக்கா கிண்ணத்தில் விரலை நனைத்துக்கொண்டு நிற்கிறாள். "முடிஞ்சிது மாமா" என்றான்.

ராணி குனிந்து பெட்டியின் நெற்றியில் மூன்று பொட்டு வைத்தாள்.

மறுநாள் வந்து செய்துவிடலாம் என்றுதான் நினைத்தான். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நினைத்தான். மறுநாள் மச்சினிச்சி பிள்ளைக்குத் திருத்தணியில் காதுகுத்து. அதற்கடுத்த நாள் ஷெட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு மணி நேரம் லைனை நிறுத்து என்றால் மாமா குதிப்பார். ஐப்பசி மழையில் பாடியில் இரண்டு கம்பெனிக்குள் தண்ணீர் புகுந்தது, பத்து நாள் அதிலேயே போயிற்று. பரந்தாமனின் ஷெட்டுக்கு வேறு வேலையாக நாலைந்து தடவை வந்தான். வரும்போதெல்லாம் மேசைக்கு அடியில் சந்தனம் காய்ந்து வெடித்த பெட்டி தெரியும். கண்ணைத் திருப்பிக்கொள்வான். ஒன்றும்தான் ஆகவில்லையே என்று ஒரு மனம் சொல்லும். நாள் போகப்போக அந்த மனமே பெரிதாகிவிட்டது.

பொங்கல் கழிந்து இரண்டாவது திங்கட்கிழமை. ஒன்பதரை மணிக்குப் போன். இந்தத் தடவை பரந்தாமன் கத்தவில்லை. "எல்லாம் பூட்டிகினு கீது. வா" என்று மட்டும் சொன்னார்.

ஷெட்டில் நாலு கம்ப்யூட்டரிலும் சிவப்பாக ஒரே எழுத்து. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், இவ்வளவு அனுப்பினால் திறப்போம் என்று. பில், டிராயிங், ஸ்டாக் எதையும் தொட முடியவில்லை. தேவிப்பிரியா நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"அண்ணா, நான்தான். வந்ததும் ஒம்பது பத்துக்கு ஒரு பில்லு மெயில் தொறந்தேன். அஞ்சு நிமிசத்துல இப்டி ஆய்டிச்சு."

பரந்தாமன் அதற்குள் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். பதினாலு ஆளும் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "படிச்ச பொண்ணாம், டிகிரியாம். எவன் இன்னா அனுப்பினாலும் தொறந்து பாக்கறதா? என் இருபத்தஞ்சு வருசத்த ஒரு நொடில பூட்டிட்டியே! ஊட்டுக்குப் போ. கூப்ட்டா வா, இல்லன்னா வராத."

அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மிஷின்களுக்கு நடுவே நடந்து வெளியே போனாள். கேட் வரைக்கும் எல்லோருடைய கண்ணும் அவள் முதுகில் இருந்தது.

டில்லிபாபு வயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்கினான். முதலில் அந்த மெயிலைப் பார்த்தான். திருமழிசை டிரான்ஸ்போர்ட்டிலிருந்து வந்த சாதாரண பில். அதில் ஒரு விஷமும் இல்லை. அப்புறம் வாட்ச்மேன் பெட்டிக்கு ஒரு திரையை மாட்டி, அது எழுதி வைத்திருக்கிற பதிவைத் திறந்தான். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பெட்டியே குறித்து வைக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு நாற்பது. ஷெட்டில் ஒரு ஆள் கிடையாது. எங்கிருந்தோ ஒருவன் பெட்டிக்குள்ளேயே நுழைந்து, எஜமானன் மாதிரி உட்கார்ந்து, உள்ளே எல்லா இடத்துக்கும் போய் வந்திருக்கிறான். ஆசிக் சொன்ன அதே ஓட்டை. பூட்டுகிற வேலையைத் திங்கட்கிழமை காலைக்கென்று நேரம் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவள் மெயிலைத் திறப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்து போயிருந்தது.

பரந்தாமன் தலைக்கு மேல் நின்று கேட்டார். "அந்த மெயிலு தானடா?"

டில்லிபாபு பதிவு தெரிந்த திரையை அணைத்தான். "பாக்கணும் மாமா" என்றான். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் அவனும் அப்படிச் சொன்னான்.

ஷெட்டு பிழைத்ததும் ஒரு கதை. பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. தேவிப்பிரியா வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் எல்லாக் கோப்பையும் அதில் நகல் எடுத்து, வயரைப் பிடுங்கி, துணியில் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டுவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அதை வைத்துத்தான் டில்லிபாபு மூன்று நாளில் எல்லாவற்றையும் மீட்டான். சனிக்கிழமை ஒரு நாள் வேலை மட்டும் போயிற்று. டிஸ்க் யார் எடுத்து வைத்தது என்று பரந்தாமன் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. புதன்கிழமை மதியம் மேனாம்பேட்டு வீட்டில் ராணி அவனுக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டாள்.

"என் தம்பி இல்லன்னா இந்தக் குடும்பம் தெருவுலடா" என்று சொல்லி இன்னொரு துண்டை வைத்தாள். அதை அவன் தொடவில்லை. முள் மாட்டிக்கொண்டது என்று சொல்லி எழுந்து கை கழுவினான்.

வியாழக்கிழமை ஆவடியில் ஆசிக்கின் கடை. பெட்டியில் புது வெர்ஷனை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்குப் பென் டிரைவ் எழுதத்தான் போனான். இந்தத் தடவை ஆற அமர எழுதினான்.

"நான் சொன்னனா இல்லியா?" ஆசிக் திரும்பாமல் கேட்டான். ஏதோ போர்டில் சால்டர் வைத்துக்கொண்டிருந்தான்.

"சொன்ன."

"உங்க மாமாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அந்தப் பொண்ணு எங்க லைன்ல இருக்கற பேக்கிங் கம்பெனில நேத்து வேலை கேட்டு வந்துச்சாம். நான்தான அங்க சர்வீஸ். 'கம்பெனியவே பூட்டின பொண்ணா நீ?'ன்னு சிரிச்சிகினே கேட்டு அனுப்சிட்டானுங்களாம். எஸ்டேட்டு பூரா அதான் பேச்சு." சால்டரை வைத்துவிட்டுத் திரும்பினான். "டில்லி, புதுசு ஏத்தினா அந்த டிஸ்க்குல இருக்கற பதிவு அயிஞ்சிடும். தெரியும் இல்ல?"

"தெரியும்."

"உன் இஷ்டம் மாமே. நான் ஒண்ணியும் கேக்கல."

அதற்குத்தான் டில்லிபாபு மூன்று நாளாகக் காத்துக்கொண்டிருந்தான் என்பதை ஆசிக் எப்படியோ பிடித்துவிட்டான். பதிவை அழிக்க வேண்டும் என்று யோசிக்கக்கூட வேண்டாம். முறையான வேலையை முறையாகச் செய்தாலே போதும், அழிந்துவிடும். எவனும் குறை சொல்ல முடியாது.

ஷெட்டில் அன்று பிரஸ் மிஷின் சத்தத்துக்கு நடுவே மேசைக்கு அடியில் உட்கார்ந்தான். பென் டிரைவைச் செருகினான். ஒரே சிமிட்டில் பெட்டி எழுந்துகொண்டது. இந்த டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. எத்தனையோ நூறு தடவை பார்த்த கேள்வி. ஆம் என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவன் அவன். இன்று விரல் பலகையின் மேலேயே நின்றது. கண்ணாடிக்கு வெளியே பரந்தாமன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மேசை மேல் அவளுடைய தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது, பாதித் தண்ணீரோடு. எடுக்காமல் போய்விட்டிருக்கிறாள்.

பென் டிரைவைப் பிடுங்கினான். டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டி, பதிவை முதலில் நகல் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை மட்டும் பிரிண்ட் போட்டான். இரண்டு தாள். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்த பிறகுதான் புது வெர்ஷனை ஏற்றினான்.

அன்று சாயங்காலமே மேனாம்பேட்டுக்குப் போய்த் தாளை மாமாவிடம் நீட்டினான். ஆயுத பூஜை அன்று என்ன செய்தான், என்ன செய்யாமல் விட்டான், எல்லாவற்றையும் சொன்னான். அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பரந்தாமன் தாளைப் படிக்கவில்லை. நாலாக மடித்து அவனிடமே கொடுத்தார். "இத வேற எவன்கிட்டயாவது காட்னியா?"

"இல்ல மாமா."

"காட்டாத. எல்லாம்தான் திரும்ப வந்துடுச்சே. எஸ்டேட்டுல உன்ன உள்ள கூட்டிகினு வந்தவன் நானு. உன் பேரு கெட்டா என் பேரும் சேந்து கெடும்."

"அந்தப் பொண்ணு மாமா?"

"அது எந்த ஊட்டுப் பொண்ணோ. வேற எங்கனா பூந்துக்கும். வேணும்னா ஒரு மாச சம்பளம் சேத்துக் குடுத்துடலாம்."

சமையலறை வாசலில் ராணி நின்றுகொண்டிருந்தாள். அவள் பேசுவாள் என்று பார்த்தான். "அதான் மாமா சொல்றாரு இல்ல" என்றாள். "போ, கைகால் கய்வு, சாப்புடு."

அவனைக் காப்பாற்றுகிறார்கள். சொந்தமென்றால் அப்படித்தான். அவனுக்காக இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் ஒரே பக்கம் வந்து நின்றுவிட்டார்கள். மூன்று பேரும் நிற்கிற அந்தப் பக்கத்துக்கு எதிரே அந்தப் பெண் தனியாக நின்றாள், அவளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. சாப்பிடாமல் கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமில் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தான். ரயில் பாதைக்குப் பின்னால், மாடியில் ஒரு போர்ஷன். தேவிப்பிரியாவின் அம்மா ராஜம்மா கதவைத் திறந்தாள்.

"வாப்பா. உன்னப் பத்திப் பாப்பா சொல்லிகினே இருக்கும். நீதான் அந்தக் கம்ப்யூட்டரெல்லாம் மீட்டுக் குடுத்தியாமே. மகராசன். இது பண்ண தப்புக்கு நீ போய் கஷ்டப்பட்ட."

தேவிப்பிரியா உள்ளேயிருந்து வந்தாள். ஒரு வாரத்தில் இளைத்திருந்தாள். "அண்ணா, சாரிண்ணா. உங்களுக்குத்தான் எவ்ளோ வேலை என்னால."

நின்றபடியே சொன்னான். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம். பழைய வெர்ஷன், ஓட்டை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாற்பது, அவள் திறந்தது வெறும் பில் என்பது. மாமாவிடம் சொன்னதையும் அவர் சொன்னதையும் கூட மறைக்கவில்லை. தாளை நீட்டினான்.

அவள் இரண்டு தாளையும் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். ராஜம்மாவுக்கு விஷயம் முழுக்கப் புரியவில்லை, மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்."

"நான் அழுதுகினு உங்ககிட்டயே வந்து நான்தான்னு சொன்னேன். அப்பவும் பேசாம இருந்தீங்க."

"அப்ப இன்னும் பதிவ பாக்கல. பாத்த பிறகாவது..."

"பாத்த பிறகு ஆறு நாள் சார்." அதுவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். "எனக்கு ராத்திரில தூக்கமே இல்ல. எந்த மெயில்ல இன்னா எயுத்து தப்பா இருந்துச்சுன்னு நெனச்சி நெனச்சிப் பாக்கறேன்."

"தப்புதான்மா."

"இங்க வந்து என்கிட்ட சொல்றீங்க. எனக்குத் தெரிஞ்சா போதுமா? அவரு கதவ தொறந்து வெச்சிகினு எல்லார் முன்னாடியும்தான் சொன்னாரு."

டில்லிபாபு தலையை ஆட்டினான். "நாளைக்கு டீ டைமுக்கு வா. பத்தரைக்கு."

திங்கட்கிழமை பத்தரைக்கு மிஷின்கள் நின்றன. டீ கேன் வந்தது. ஆட்கள் கையில் பேப்பர் கப்போடு ஆங்காங்கே குந்தினார்கள். தேவிப்பிரியா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பரந்தாமன் அவளைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார். அவனை அறைக்குள் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவன் போகவில்லை.

"ஒரு விசயம் சொல்லணும்" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "இந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. வாட்ச்மேன் பெட்டில பய்ய சரக்க ஏத்திட்டு, மிச்ச வேலைய முடிக்காமயே முடிஞ்சிதுன்னு சொன்னது நானு. திருடன் அது வயியாத்தான் வந்தான், முந்தின நாளே வந்துட்டான். நீங்கல்லாம் இப்ப பாத்து வேலை செய்யறீங்களே, அந்த டிராயிங்கு மொத்தம் தப்பிச்சது இந்தப் பொண்ணு வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம எடுத்து வெச்சதால. நான் மீட்டது இல்ல."

பிரஸ் மிஷின் ஓட்டுகிற இளங்கோ, ஷெட்டுக்கு மூத்த ஆள், கப்பை நசுக்கிக் கீழே போட்டான். "நல்ல வாட்ச்மேன வெச்ச போ, அண்ணாத்தே. ஒரு வாரமா இந்தப் பொண்ணு பேர எப்டி எப்டியோ நாங்களும் பேசிகினு கீறோம். எங்க வாயையும் சேத்து நாறடிச்சிட்ட."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தனக்குத்தான் என்பதால் டில்லிபாபு அதை நின்று வாங்கிக்கொண்டான்.

பரந்தாமனின் முகம் செம்புப் பாத்திரம் மாதிரி ஆகியிருந்தது. மச்சான் உறவை அவர் அப்போதே மனதில் கழற்றி வைத்துவிட்டார்; அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவனோடு பேச்சே இல்லை, ராணியும் திருட்டுத்தனமாகத்தான் போன் பண்ணுவாள். ஆனால் பதினாலு ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு வழியில்லை. "தெரியாம பேசிட்டேன்மா" என்றார், அவளைப் பார்க்காமல், டீ கேனைப் பார்த்து. "போய் உன் சீட்டுல உக்காரு."

அவள் உள்ளே போனாள். நாற்காலியைத் துடைத்தாள், பீரோவைத் திறந்து ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்தாள், கம்ப்யூட்டரைப் போட்டாள். டில்லிபாபு கண்ணாடிக் கதவுக்கு வெளியே பையை மாட்டிக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்வாள் என்று ஒரு நப்பாசை. போகட்டும் என்றோ, பரவாயில்லை என்றோ.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "இதே பய்ய வெர்ஷன வேற எங்கனா வெச்சிகீறீங்களா?"

அவன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். அந்த மழைக்காலத்தில், தண்ணீர் புகுந்த பாடி கம்பெனி இரண்டிலும், அவசரத்துக்குப் பையில் இருந்த அதே பென் டிரைவைத்தான் செருகினான். திருமுல்லைவாயிலில் இன்னொன்றிலும்.

"மூணு இடத்துல" என்றான்.

"அங்கயும் பில்லு போட ஒரு பொண்ணு இருப்பா இல்ல சார்?" தேவிப்பிரியா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பறம் இங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க?"

டில்லிபாபு ஸ்கூட்டரை எடுத்தான்.